அண்ணாவியாரிடம் கற்கும் நிர்வாகம்: வன்னியில் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு கிராமத்துச் சங்கத்துக்கோ, கூட்டுறவுக்கோ, பிரதேச செயலகத்தின் ஒரு பிரிவுக்கோ பொறுப்பாக வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே கட்டளையிட்டு நடத்தக்கூடிய வேலை மிகக் குறைவு என்பதுதான். கமக்காரர் அமைப்பின் உறுப்பினருக்கு நீங்கள் சம்பளம் கொடுப்பதில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வருகிற அம்மா, அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்துவிட்டு வருகிறார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வராவிட்டால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் நியமனக் கடிதம் அலுவலகக் கதவுவரைதான் செல்லும்.

இதே நிலையில் இருந்துகொண்டு, இருபது முப்பது பேரை மாதக்கணக்காக இரவு இரவாகக் கூட்டி, ஒரு சதமும் கொடுக்காமல், கடைசியில் விடிய விடிய ஆட வைக்கிற ஒருவர் நம் ஊர்களில் இருக்கிறார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவர். பயிற்சி நெறிகளில் சுவரில் விழும் அம்புக்குறிகளையும் வட்டங்களையும் பார்த்துக் கொட்டாவி விட்டவர்களுக்கு, அவரிடம் போகும்படிதான் நான் சொல்வது வழக்கம். அவரிடம் எடுக்க வேண்டியவை எவை, விட வேண்டியவை எவை என்பதை வேலை தொடங்கும் ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

கூட்டம் வைப்பதற்கு முன் ஒரு கூத்துப் பாருங்கள்

மாரி மழையோடு விதைக்கும் காலபோக நெல்லின் அறுவடை மாசி, பங்குனியோடு முடிய, கோயில்களில் திருவிழாக்களும் பொங்கல்களும் தொடங்கும். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தைக் கேட்டுப் பாருங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்த கதை அது. மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்காகக் காத்தவராயன் கூத்து ஆடுவார்கள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் கூத்துகளும், வாசாப்பு என்னும் நாடகங்களும் உண்டு.

பிரமுகர்களுக்குப் போட்ட முன்வரிசைக் கதிரையில் உட்கார வேண்டாம். அண்ணாவியாரும், வரிகளைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரரும் நிற்கும் பக்கமாகப் போய், அவருடைய முகம் தெரிகிற இடத்தில் இருங்கள். ராசா ஆடுவதை ஊர் பார்க்கட்டும். நீங்கள் அண்ணாவியாரைப் பாருங்கள். கையில் தாளம் இருக்கும், வாய் பாடிக்கொண்டிருக்கும், கண் மட்டும் ஆடுகிறவரின் உதட்டிலும் காலிலும் இருக்கும். ஆடுகிறவர் ஒரு வரியை மறந்து தடுமாறுகிற கணத்தில் அடுத்த வரியின் முதற் சொல்லை அவரே எடுத்துக் கொடுப்பார். பிற்பாட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சனத்துக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

அவர் செய்யாததையும் கவனியுங்கள். கூத்து ஆடும் இடமான களரியில் வைத்து யாரையும் ஏசமாட்டார், முகத்தைக்கூடச் சுளிக்கமாட்டார். பழகும் இரவுகளில் இதே மனிதர் வாய் திறந்தால் காது கூசும். எவ்வளவு திட்ட வேண்டுமோ அவ்வளவையும் அங்கே திட்டி முடித்திருப்பார். சனத்துக்கு முன் பிழை திருத்துவதில்லை என்ற இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நம் அலுவலகங்கள் எடுத்துக்கொண்டால், பாதி மனக்கசப்பு இல்லாமற் போகும். உங்கள் உதவியாளர் பொதுக்கூட்டத்தில் ஒரு தொகையைப் பிழையாக வாசித்தால், சரியான தொகையை நீங்கள் மெல்லச் சொல்லுங்கள், கூட்டம் நடக்கட்டும். விசாரணை நாளைக்கு, கதவைச் சாத்திய அறைக்குள்.

நாளும் நேரமும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். விதைப்பு நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும், அறுவடை நாட்களிலும் நீண்ட கூட்டம் வைக்காதீர்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வாரத்தில் முல்லைத்தீவில் ஒருவரும் வரமாட்டார்கள். ஆடியிலும் ஆவணியிலும் மடு மாதா கோயில் திருவிழாக்களின்போது மன்னார்ப் பக்கமும் அப்படித்தான். கரையோரத்தில் தொழிலாளர் கரை திரும்பி, மீனை விற்று, வலையை ஒதுக்கி முடிக்கும் நேரத்தை ஊரில் கேட்டு அறியுங்கள். அண்ணாவியார் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பழக்கத்துக்குக் கூப்பிடுவார். காலை ஒன்பது மணி அலுவலகத்துக்கு வசதி, ஊருக்கு அல்ல.

கதிரைகளை வட்டமாகப் போடுங்கள்

மரபான கூத்துக் களரி வட்டமானது. சுற்றிலும் சனம் இருக்கும், ஆடுகிறவர் எல்லாப் பக்கமும் திரும்பி ஆட வேண்டும். இப்போது பல இடங்களில் ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை வந்துவிட்டது. அதோடு ஒரு முன்வரிசையும் ஒரு பின்வரிசையும் வந்து சேர்ந்தன.

பொதுநோக்கு மண்டபத்துக்குள் நுழைந்தால் நீங்கள் காண்பது இதுதான்: முன்னால் ஒரு மேசை, மேசை விரிப்பு, பிளாஸ்டிக் பூச்சாடி, அதற்குப் பின்னால் உத்தியோகத்தர்கள். எதிரே முதல் இரண்டு வரிசையில் ஆண்கள். பெண்கள் கதவோரம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எழும்பிப் போக வசதியாக. அந்தப் பின்வரிசையில்தான் சங்கத்தின் உண்மையான சந்தாக் கணக்குத் தெரிந்தவர் இருப்பார்.

மேசையைச் சுவரோடு தள்ளிவிடுங்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டு, பிந்தி வருகிறவர் நுழையக் கதவுப் பக்கம் ஓர் இடைவெளி விடுங்கள். நீங்கள் கடைசியாக உட்காருங்கள், அதுவும் மிஞ்சிய கதிரையில். முதல் முறை எல்லோரும் கூச்சப்படுவார்கள். தலைவர் ஐயாவுக்கு மேசை இல்லாமல் கை எங்கே வைப்பதென்று தெரியாது. மூன்றாம் கூட்டத்தில் அவர்களே வட்டமாகப் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு நிபந்தனை: வயதானவர்களுக்குச் சாய்மானக் கதிரை கட்டாயம். தரையில் பாய் விரித்துச் சமத்துவம் காட்டுகிறேன் என்று முழங்கால் வலிக்காரரை நோகடிக்காதீர்கள்.

உங்கள் வரவை நீங்களே பாடுங்கள்

கூத்தில் எந்தப் பாத்திரமும் சும்மா வந்து நிற்பதில்லை. கட்டியகாரன் வந்து ராசா வருகிறார் என்று அறிவிப்பான். பிறகு ராசாவே வந்து, தான் யார், எந்த நாடு, ஏன் வந்தேன் என்று பாடி ஆடுவார். அதற்குப் பிறகுதான் கதை நகரும்.

நம் அலுவலகங்களில் கட்டியகாரன் பகுதி மட்டும் தாராளமாக நடக்கும். பட்டங்கள், பதவிகள், மாலை எல்லாம் உண்டு. வந்தவர் தானாகத் தன்னைப் பற்றிச் சொல்வது இல்லை. வன்னிச் சனம் நிறையப் பேர் வந்து போனதைப் பார்த்தவர்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எத்தனையோ நிறுவனங்களின் வாகனங்கள் வந்து, விபரம் எழுதி, படம் எடுத்து, பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போயின. பலகைகள் துருப்பிடித்து இன்னும் நிற்கின்றன. ஆகவே உங்களைப் பற்றி அவர்களுக்கு இரண்டே கேள்விகள்தான்: எவ்வளவு காலம் இருப்பாய்? உன்னால் என்ன செய்ய முடியும்?

கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். இந்த அளவு போதும்:

“வணக்கம். நான் வவுனியாவில் பிறந்தவன். இந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்திருக்கிறேன். இடமாற்றம் வரும்வரை இங்கேதான் இருப்பேன். வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. உங்கள் விண்ணப்பத்தை உரிய கிளைக்கு அனுப்பி, அது எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்வது என் வேலை. திங்கட்கிழமை முழுநாளும் அலுவலகத்தில் இருப்பேன். இன்றைக்கு நான் கதைக்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறேன்.”

அதிகாரம் இல்லாததை முதலில் சொல்வதற்குப் பலர் தயங்குகிறார்கள், மதிப்புக் குறைந்துவிடுமாம். மூன்று மாதம் அலைய வைத்த பிறகு “அது என் கையில் இல்லை அம்மா” என்று சொல்லும்போதுதான் மதிப்புப் போகிறது.

பாத்திரம் ஒதுக்குதல்

ராசா வேடம் கேட்டு வருகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அண்ணாவியார் எல்லோரையும் பாட வைப்பார். குரல், உடல்வாகு, நினைவு, பழக்கத்துக்கு ஒழுங்காக வரக்கூடியவரா என்பது எல்லாம் பார்ப்பார். எந்த இரண்டு குடும்பங்கள் கதைப்பதில்லை, யாரை யாரோடு சண்டைக் காட்சியில் விடக்கூடாது என்பதும் அவர் கணக்கில் இருக்கும். வேடம் கிடைக்காதவரைச் சும்மா அனுப்பமாட்டார். ஒப்பனை, உடுப்பு, வெளிச்சம், தேநீர் என்று ஒரு பொறுப்பு அவருக்கும் வரும், பெயரோடு.

செயலாளர், பொருளாளர் தெரிவில் இதைச் செய்து பாருங்கள். வேட்பாளர் மூவர் இருந்தால், சென்ற மாதக் கணக்கை மூவரும் தனித்தனியே கூட்டத்துக்கு விளக்கட்டும். யார் நன்றாகப் பேசினார் என்று பார்க்க வேண்டாம். யாரிடம் உறுப்பினர்கள் பயமில்லாமல் திருப்பிக் கேள்வி கேட்டார்கள் என்று பாருங்கள். அவர்தான் பொருளாளர். மண்டபத் திறப்பு வைத்திருப்பவர், கதிரை எண்ணுகிறவர், வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறவர் ஆகிய மூவருக்கும் கூட்டறிக்கையில் பெயர் எழுதுங்கள்.

அண்ணாவியாரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். பழைய கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள்; யார் எந்த வேடம் கட்டலாம் என்பதில் சாதியும் புகுந்து விளையாடியது. இந்த வழக்கத்தை உங்கள் சங்கத்துக்குள் கொண்டுவர ஒரு பெரியவர் எப்போதும் தயாராக இருப்பார். தமிழருக்கு எதிரான 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வன்னியில் நிறைய இருக்கின்றன. இரண்டு தலைமுறை கடந்தும் அவர்களில் ஒருவர் தலைவராக வர முடியாத சங்கம் இருந்தால், அங்கே உங்கள் வேலை கணக்குப் பார்ப்பதோடு முடியாது.

பிற்பாட்டு: கேட்பதற்கு ஒரு பயிற்சி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுங்கள்.

ஆடுகிறவர் ஒரு வரியைப் பாடுவார். பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். ஆடுகிறவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. தான் பாடியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவும் முடிகிறது. தூரத்தில் இருப்பவருக்கு வரி இரண்டாம் முறை விளங்குகிறது. பிற்பாட்டுக்காரர் தங்கள் சொந்த வரியை நடுவில் செருகினால் கூத்து அங்கேயே குழம்பிவிடும்.

இப்போது ஒரு தண்ணீர்ச் சண்டையை எடுங்கள். பெரிய இரணைமடுக் குளத்தின் கீழும் சரி, சின்னக் குளங்களின் கீழும் சரி, மழை குறைந்த சிறுபோகத்துக்கு எல்லாக் காணிக்கும் தண்ணீர் போதாது. எவ்வளவு பரப்பில் விதைப்பது, எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். முடிவு தாளில் இருக்கும். வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவருக்குத் தண்ணீர் போய்ச் சேர்வது வேறு கதை. அவர் எழுந்து நின்று சத்தம் போடுகிறார்:

“மூன்று தண்ணீரும் எனக்கு ஏறவில்லை. மேலே இருக்கிறவர்கள் மடையைத் திறந்துவிட்டுப் போய்ப் படுக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் அவர்கள் பக்கம்.”

வழக்கமாக இங்கே பொறுப்பாளர் விளக்கம் கொடுக்கத் தொடங்குவார்: சுற்றுநிருபம், நீர்மட்டம், திணைக்களம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அவருடைய வரியைத் திருப்பிப் பாடுங்கள்:

“மூன்று முறையும் உங்கள் காணிக்குத் தண்ணீர் வரவில்லை. இரவில் மேற்பக்கத்து மடைகள் திறந்தே கிடக்கின்றன. நாங்கள் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறோம். இப்படித்தானே ஐயா சொல்கிறீர்கள்?”

பெரும்பாலும் அவர் குரலைத் தாழ்த்தி ஒரு திருத்தம் சொல்வார். “முதல் தண்ணீர் வந்தது. பிறகுதான் வரவில்லை. கலிங்குக்குப் பக்கத்தில் வாய்க்கால் உடைந்ததற்குப் பிறகு.” அந்தத் திருத்தத்துக்குள்தான் விசயம் இருக்கிறது. மேற்பக்கத்தாரின் திமிர் பற்றித் தொடங்கிய சண்டை, ஓர் உடைந்த வாய்க்கால் கரையில் வந்து நிற்கிறது. கரையைச் சிரமதானத்தில் கட்டலாம். திமிரைக் கட்ட முடியாது.

இதை ஒத்திகை பார்க்காமல் கூட்டத்தில் செய்ய முடியாது. உங்கள் அலுவலர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் தன்னுடைய உண்மையான ஒரு சின்ன எரிச்சலைச் சொல்லட்டும்: பஸ் பிந்தியது, விடுமுறை கிடைக்காதது. மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆலோசனை கூடாது, “எனக்கும் அப்படித்தான்” கூடாது. முதலாமவர் “ஆம், அதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை அவர் விடக்கூடாது. பத்து நிமிடம் போதும். படித்தவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். மற்றவரின் இரண்டாவது வாக்கியத்திலேயே பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கிளிப்பிள்ளைத்தனமாகச் சொல்லைச் சொல்லாகத் திருப்பினால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும். கோபத்தின் சாரத்தை எடுங்கள், ஏச்சு வார்த்தைகளை விடுங்கள். உங்களைப் பற்றிய குற்றச்சாட்டை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். மேலே உள்ள உதாரணத்தில் “நாங்கள் கண்டும் காணாமல் இருக்கிறோம்” என்ற வரியை விட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

கடினமான கதையை முதலில் ஆடிப் பாருங்கள்

பிரேசில் நாட்டு நாடகக்காரர் ஆகஸ்தோ போவால் 1970களில் ஓர் அரங்க முறையை வளர்த்தெடுத்தார். ஒரு சிக்கலைச் சிறு நாடகமாக, தோல்வியில் முடிவதாக நடித்துக் காட்டுவார்கள். இரண்டாம் முறை ஆடும்போது பார்த்துக்கொண்டிருப்பவர் யாரும் “நிறுத்து” என்று சொல்லி, பாதிக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்துக்கு வந்து, தான் என்ன செய்வேன் என்று நடித்துக் காட்டலாம்.

வன்னிக்குப் பொருத்தமான பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை வாங்க மோட்டார் சைக்கிளில் வருகிறவர், வாசலில் ஓர் அக்கா, கையில் பணம் இல்லை. ஐந்து நிமிடம் ஆடுங்கள். அக்காவின் இடத்துக்கு மற்றப் பெண்கள் மாறி மாறி வரட்டும். ஒருவர் கடன் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்பார். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சாட்சி வைப்பார். ஒருவர் அழுவதுபோல் நடித்து எல்லோரையும் சிரிக்க வைப்பார். வசூலிப்பவரின் இடத்துக்கும் பிறகு ஒருவரை அனுப்புங்கள். அவருக்கும் மேலே ஒரு முகாமையாளர் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

இங்கே சில தடைகள் உண்டு, இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். அறையில் இருக்கிறவருடைய சொந்தக் கதையை எடுக்கக் கூடாது. கண்ணைக் கட்டுவது, நிலத்தில் குப்புறப் படுக்க வைப்பது, கதவைப் பூட்டுவது, பலூன் உடைப்பது போன்ற நகரத்துப் பயிற்சி விளையாட்டுகள் இங்கே வேண்டவே வேண்டாம். பதுங்குகுழியில் இருந்து வந்த உடம்பு அதை விளையாட்டாக எடுக்காது. இறுதி யுத்தத்தின்போது எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்று பயிற்சியின் பெயரால் கேட்காதீர்கள். ஒருவர் எழுந்து வெளியே போனால் காரணம் கேட்காமல் விடுங்கள். அவருக்குப் பழக்கமான ஒரு பெண் பின்னால் போய் நிற்கட்டும்.

மாற்றம் செய்ய விரும்பினால்

புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் சுருக்கிவிடும் அவசரம் இருக்கும். கூட்டம் நீளம், அறிக்கை நீளம், சம்பிரதாயம் அதிகம். நியாயம்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தனும் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் செய்தார். விடிய விடிய ஆடும் கூத்தை நகரத்து மேடைக்கு ஏற்ற அளவுக்குச் சுருக்கினார். 1962இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ அப்படி வந்தது. அதற்கு முன் ஊர் ஊராகப் போய் முழுக்கூத்தையும் பார்த்தார், மட்டக்களப்பு அண்ணாவியாரை அழைத்து மாணவருக்குப் பழக்குவித்தார். வெட்டும்போது பக்கத்தில் தெரிந்தவர் இருந்தார். நீங்களும் ஒரு போகம் முழுதும் பழைய முறையிலேயே நடத்திப் பாருங்கள். சங்கத்தின் பழைய செயலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறகு வெட்டுங்கள்.

பண விடயத்தில் மட்டும் எந்தக் கலையும் உதவாது. பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம், இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான்.

கைமாற்றுதல்

காத்தவராயன் கூத்தில் காத்தவராயனாக ஒருவரே இரவு முழுதும் ஆடுவதில்லை. சிறுவனாக ஒருவர், வாலிபனாக ஒருவர், கழுவேறும் கட்டத்தில் ஒருவர் என்று மாறி மாறி வருவார்கள். உயரம் வேறு, குரல் வேறு, முகம் வேறு. சனம் ஒருநாளும் குழம்பியதில்லை. பாட்டும் சிந்து நடையும் அறுபடாமல் ஓடுவதால் அவர்களுக்கு எல்லோரும் காத்தவராயன்தான்.

இடமாற்றக் கடிதம் வந்தால், அல்லது வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பதவி மாறினால், கோப்பை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்குப் பின் வருகிறவர் குறைந்தது இரண்டு கூட்டங்களில் உங்களோடு வட்டத்தில் இருக்கட்டும். முதலாவதில் நீங்கள் நடத்துங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாவதில் அவர் நடத்தட்டும், நீங்கள் பிற்பாட்டுப் பாடுங்கள். எழுத்தில் இல்லாதவற்றை நேரில் சொல்லிக் கொடுங்கள்: யாருக்குக் காது மந்தம், யார் தொலைபேசியில் சொன்னால் வருவார், யார் வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் வருவார், எந்த விண்ணப்பம் எந்தக் கிளையில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது. நீங்கள் கொடுத்து நிறைவேறாத வாக்குகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவை அவருடைய தலையில் விடியும். மூன்றாவது கூட்டம் நடக்கிற நாளில் நீங்கள் வேறு ஊரில் இருப்பது நல்லது. தொலைபேசி மட்டும் திறந்திருக்கட்டும்.